பிரஜைகள் கட்டிய அரண்மனை

அரண்மனைகள் அழிந்து போவதற்குச் சில வழக்கமான வழிகள் உண்டு. எதிரியின் பீரங்கி ஒரு வழி. வாரிசுகளின் வறுமை இன்னொரு வழி. மழையும் ஆலங்கன்றும் மூன்றாவது வழி. இந்த மூன்றாவது எதிரிக்கு அவசரமே கிடையாது. ஒரு விதையைச் சுவரிடுக்கில் போட்டுவிட்டு நூறு வருஷம் காத்திருக்கும்.

போலந்து தேசத்தின் தலைநகரமான வார்ஸாவில் இருந்த ராஜமாளிகை இந்த மூன்று வழியிலும் அழியவில்லை. நகரம் பணிந்து, பீரங்கிகள் ஓய்ந்த பிறகு, வென்றவர்கள் சாவகாசமாக வந்தார்கள். சுவர்களில் வரிசையாகத் துளை போட்டார்கள். ஒவ்வொரு துளையும் வெடிமருந்துக் குச்சி வைப்பதற்கு. துளைகளைப் போட்டுவிட்டு ஏறக்குறைய ஐந்து வருஷம் காத்திருந்து, 1944-ஆம் வருஷத்து இலையுதிர்காலத்தில் வெடி வைத்தார்கள். மாளிகை செங்கல் குவியலாயிற்று.

இன்று அங்கே போனால் மாளிகை நிற்கிறது. அதே கோபுரம், அதே கடிகாரம், அதே முகப்பு.

"ஏன் ஸார், பல்லெல்லாம் விழுந்த பாட்டிக்கு முப்பத்திரண்டு பல்லும் புதுசாகக் கட்டிவிட்டு, 'இவள்தான் அந்தக் காலத்துப் பேரழகி' என்று காட்டினால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?" என்று கேட்டார் எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டிய நண்பர். வார்ஸாவில் உத்தியோகம் பார்க்கும் நம் பக்கத்து இஞ்சினீயர் அவர். கட்டடங்களின் வயதைப் பற்றி அவரிடம் யாரும் பொய் சொல்லிவிட முடியாது. "கதவு திறந்தது 1984-இல். என்னைவிட இந்த அரண்மனை சின்னது. இதற்கு டிக்கெட் வேறு!"

கேள்வி நியாயமானது. அதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாளிகைக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நடுவில் ஓர் உயரமான கல்தூண். அதன் உச்சியில் ஒரு கையில் சிலுவையும் மறு கையில் வாளும் ஏந்தி ஒரு ராஜா நிற்கிறார். மூன்றாம் ஸிகிஸ்மண்ட் என்று பெயர். அவருடைய மகன் 1644-இல் எழுப்பிய தூண் அது. 1944-இல் அதையும் வீழ்த்தினார்கள். ராஜாவின் சிலை அதிகச் சேதம் இல்லாமல் தப்பியது. தூண்தான் துண்டு துண்டாயிற்று. 1949-இல் புதுத் தூண் செய்து ராஜாவை மறுபடியும் ஏற்றிவிட்டார்கள். பழைய தூணின் துண்டங்களை எறிந்துவிடவில்லை. மாளிகையின் தென்புறத்துப் புல்தரையில் அவை இப்போதும் கிடக்கின்றன. பிள்ளைகள் அவற்றின்மேல் ஏறிக் குதிக்கிறார்கள்.

மாளிகையின் கதையை ஆதியிலிருந்து சொன்னால்தான் நண்பரின் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

விஸ்துலா நதியின் மேட்டுக் கரையில், 14-ஆம் நூற்றாண்டில் மசோவியா என்ற சிறு நாட்டின் பிரபுக்கள் ஒரு செங்கல் கோபுரம் கட்டினார்கள். அந்தப் பிரபுக்களின் வம்சம் 1526-இல் வாரிசில்லாமல் முடிந்து, நாடு போலந்து ராஜாவைச் சேர்ந்தது. 1569-இல் போலந்தும் லிதுவேனியாவும் ஒரே ராஜ்யமாக இணைந்தன. இரண்டு நாட்டாருக்கும் வந்து போக வசதியான இடம் என்று, பொதுவான சபையை வார்ஸாவில் கூட்டுவது என்று முடிவாயிற்று. பிரபுக்களின் பழைய கோட்டையில் சபைக்கு மண்டபங்கள் எழுந்தன. அப்புறம் மூன்றாம் ஸிகிஸ்மண்ட், கிராக்கோ நகரத்திலிருந்து தம் ஜாகையை இங்கே மாற்றிக்கொண்டார். 1598-லிருந்து 1619 வரை வேலை நடந்தது. ஐந்து பக்கம் கொண்ட முற்றம், 60 மீட்டர் உயரத்தில் கடிகாரக் கோபுரம் எல்லாம் அப்போது வந்தவை.

இதில் ஒரு விசேஷம் உண்டு. ராஜா குடியிருப்பதும் சபை கூடுவதும் ஒரே கூரையின் கீழ். மற்ற தேசங்களில் ராஜா ஒரு பக்கம் இருப்பார். சபை என்று ஒன்று இருந்தால் அது வேறு பக்கம் இருக்கும். இங்கே ராஜா காலையில் எழுந்து நாலு அறை தாண்டி வந்தால் தம்மைக் கேள்வி கேட்கிறவர்களின் முன்னால் நிற்க வேண்டியதுதான். இன்னொன்று: ராஜாவையே பிரபுக்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். அப்பன் ராஜாவாக இருந்தான் என்பதால் மட்டும் மகன் ராஜாவாகிவிட முடியாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல ஏற்பாட்டையும் கெடுத்துக்கொள்ள மனிதனுக்குத் தெரியும். சபையில் ஒரே ஒரு பிரதிநிதி எழுந்து "சம்மதியேன்" என்று சொல்லிவிட்டால் போதும். அந்தக் கூட்டத்தில் செய்த தீர்மானம் எல்லாம் ரத்து. பக்கத்து நாடுகளுக்கு இது கொள்ளை சௌகரியமாகப் போய்விட்டது. சேனையை அனுப்புவானேன்? ஒரு பிரதிநிதியின் சட்டைப்பையை நிரப்பினால் போதாதா? ருஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சுற்றிலும் பலத்துக்கொண்டு வர, நடுவில் போலந்து தளர்ந்துகொண்டே போயிற்று.

இந்த நிலையில்தான் 1764-இல் ஸ்தானிஸ்லாவ் அகஸ்ட் பொனியதோவ்ஸ்கி ராஜாவானார். போலந்தின் கடைசி ராஜா இவர். ருஷ்ய சக்கரவர்த்தினி காதரீனுக்கு ஒரு காலத்தில் காதலராக இருந்தவர். அவளுடைய சேனையின் நிழலில்தான் தேர்தலில் ஜயித்தார். நாவலாசிரியன் இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்தால், 'நாடகத்தனம்' என்று விமரிசகர்கள் கோபிப்பார்கள். சரித்திரத்துக்கு அந்தப் பயம் இல்லை.

அவர் பலவீனமான ராஜா. ஆனால் ரசனையில் மன்னாதி மன்னர். மாளிகையின் உள்ளறைகளை எல்லாம் புதுப்பித்தார். பாச்சியரெல்லி என்ற இத்தாலிய ஓவியரை வரவழைத்து வைத்துக்கொண்டார். வியாழக்கிழமைதோறும் எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் அறிஞர்களையும் கூப்பிட்டு விருந்து வைத்தார். (எழுத்தாளனுக்கு வாரம் ஒரு முறை அரண்மனைச் சாப்பாடு! அந்த ராஜாவை நான் எப்படிக் குறை சொல்வேன்?)

1767-இல் பெர்னார்டோ பெல்லோத்தோ என்ற வெனிஸ் நகரத்து ஓவியர் வார்ஸாவுக்கு வந்து சேர்ந்தார். புகழ்பெற்ற கனலெட்டோவின் மருமான். தாமும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டவர். பீட்டர்ஸ்பர்க்குக்குப் போகிற வழியில் வந்தவரை ராஜா நிறுத்தி வைத்துக்கொண்டார். அவர் 1780-இல் வார்ஸாவிலேயே காலமானார். இடையில் அவர் செய்த வேலை, தெருத் தெருவாக அந்த ஊரைப் படம் எழுதியது. ஜன்னல், மாடம், கூரை, வாசலில் நிற்கும் வண்டி, வண்டிக்காரன், பிச்சைக்காரன், நாய் என்று ஒன்றையும் விடாமல் எழுதினார். ராஜா அந்தப் படங்களை மாளிகையில் ஓர் அறை முழுவதும் மாட்டி வைத்தார். நாடு கொள்ளை போகிற நேரத்தில் இவருக்குப் படம் என்ன வேண்டியிருக்கிறது என்று அன்றைக்கு யாராவது முணுமுணுத்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் படங்களுக்கு வேறொரு வேலை காத்திருந்தது.

1772-இல் அண்டை நாடுகள் மூன்றும் சேர்ந்து போலந்தில் ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொண்டன. அடி பட்ட பிறகு புத்தி வந்தது. 1791 மே 3-ஆம் தேதி, இதே மாளிகையின் செனட் மண்டபத்தில், சபை ஒரு புதிய அரசியல் சாசனத்தை நிறைவேற்றியது. "சம்மதியேன்" என்ற அந்தப் பாழாய்ப்போன உரிமை ஒழிந்தது. ராஜா எழுந்து பிரமாணம் செய்தார். ஐரோப்பாவில் எழுத்தில் வடித்த முதல் நவீன சாசனம் இதுதான் என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களின் சாசனம் அதற்குச் சில மாதம் கழித்துத்தான் வந்தது.

ஆனால் அது நிலைக்கவில்லை. மறு வருஷமே காதரீனின் சேனை வந்தது. ராஜா பணிந்துவிட்டார். இதைப் போலிஷ்காரர்கள் பலர் இன்றும் மன்னிக்கவில்லை. 1793-இல் இரண்டாவது பங்கு, 1795-இல் மூன்றாவது பங்கு. தேசம் என்று ஒன்று மிச்சம் இல்லை. முடியைத் துறந்த ராஜா 1798-இல் பீட்டர்ஸ்பர்க்கில் இறந்தார். 123 வருஷம் போலந்து என்ற பெயர் சுதந்திர நாடாகத் தேசப்படத்தில் இல்லை.

ராஜா போன பிறகு மாளிகை வழிப்போக்கர் சத்திரம் மாதிரி ஆயிற்று. நெப்போலியன் வந்தான். ருஷ்ய ஜார்கள் வந்தார்கள். 1831 ஜனவரியில் புரட்சி செய்த சபை இங்கே கூடி, ஜார் நிக்கலஸ் இனித் தங்கள் ராஜா அல்ல என்று தீர்மானம் போட்டது. புரட்சி தோற்றதும் ஜார் அதற்கு வட்டியுடன் பழி வாங்கினான். மாளிகையின் கலைப் பொருள்கள் ருஷ்யாவுக்குப் போயின. பெல்லோத்தோவின் படங்களும் போயின. நாடு 1918-இல் மறுபடி விடுதலை பெற்று, 1921-இல் ரீகா உடன்படிக்கை கையெழுத்தான பிறகுதான் அவை வீடு திரும்பின.

விடுதலை பெற்ற போலந்தில் மாளிகை ஜனாதிபதியின் இல்லமாயிற்று. அதற்குக் கொஞ்சம் முந்தி, அதில் ஒரு பகுதியை ஒரு நாவலாசிரியருக்குக் குடியிருக்கக் கொடுத்தார்கள். ஸ்டெஃபான் ஷெரோம்ஸ்கி என்பவர். அடிமைக் காலத்தில் தம் ஜனங்களின் துயரத்தை எல்லாம் எழுதி எழுதி அவர்கள் மனச்சாட்சியாக விளங்கியவர். 1925-இல் அந்த ஜாகையிலேயே காலமானார். அந்த வீட்டு ஜன்னலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1939 செப்டம்பர் 1-ஆம் தேதி ஜெர்மன் படைகள் போலந்துக்குள் புகுந்தன. செப்டம்பர் 17-ஆம் தேதி கிழக்கே ஸோவியத் படைகள் நுழைந்தன. அதே நாள்தான் வார்ஸாவில் மாளிகையின்மேல் குண்டு மாரி பெய்தது. கூரையும் கோபுரமும் தீப்பற்றின. நடன மண்டபத்தில் பாச்சியரெல்லி எழுதிய விதானச் சித்திரம் அழிந்தது. கோபுரக் கடிகாரம் 11 மணி 15 நிமிஷத்தில் நின்றது. மாளிகையின் பொருள்களுக்குக் காவலராக இருந்த காஸிமியெர்ஸ் ப்ரோக்ல் அன்று உயிர் விட்டார்.

சுவர்கள் நின்றன. கூரை போட்டிருந்தால் மாளிகை பிழைத்திருக்கும். ஆனால் அக்டோபரில் ஹிட்லரிடமிருந்து மாளிகையை வெடி வைத்துத் தகர்க்க உத்தரவு வந்தது. இதில் யுத்த லாபம் ஏதும் இல்லை. அது பாசறையும் அல்ல, ஆயுதசாலையும் அல்ல. பின் ஏன்? ஒரு ஜனத்தை அடிமை கொள்ள நினைக்கிறவன், தங்களுக்கு என்று ஒரு ராஜ்யம் இருந்தது, ஒரு சபை இருந்தது, ஒரு சாசனம் இருந்தது என்பதை அந்த ஜனத்துக்கு ஞாபகப்படுத்தும் எதையும் விட்டு வைக்க மாட்டான். செனட் மண்டபம் நிற்கிறவரையில் 1791 நிற்கும்.

இடிப்பதற்கு முன் கொள்ளை நடந்தது. கவர்னர் ஜெனரலாக வந்த ஹான்ஸ் ஃபிராங்க், சிம்மாசனத்துக்குப் பின்னால் தொங்கிய பட்டுத் திரையிலிருந்து வெள்ளிக் கழுகுகளைத் தன் கையாலேயே பிய்த்து எடுத்துக்கொண்டான் என்று சொல்கிறார்கள். கலைச் சரித்திரம் கற்ற ஜெர்மன் அறிஞர்கள், எதை எடுப்பது எதை விடுவது என்று யோசனை சொல்ல நின்றார்கள். படிப்பு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று சொல்வதற்கில்லை.

அந்த நாட்களில் இன்னொரு கூட்டமும் மாளிகைக்குள் போய் வந்துகொண்டிருந்தது. தேசியப் பொருட்காட்சி சாலையின் தலைவர் ஸ்தானிஸ்லாவ் லோரென்ட்ஸ், அவருடைய சிப்பந்திகள், கொத்தனார்கள், தச்சர்கள். இடிபாட்டை ஒழிக்கிறோம் என்ற பாவனையில், காவல்காரனின் கண்ணெதிரே, கதவுகளையும் பளிங்குக் கணப்பு அடுப்புகளையும் மரச் செதுக்கல்களையும் கழற்றிக் கொண்டு போனார்கள். சுவரிலிருந்து சுண்ணாம்புச் சித்திர வேலையைத் துண்டு துண்டாகப் பெயர்த்து எடுத்தார்கள். பூச்சின் வண்ணம் என்ன என்று பிற்பாடு தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக வண்ணச் சில்லுகளைக்கூடச் சேர்த்து வைத்தார்கள். தங்கள் வீட்டிலேயே தாங்கள் திருட வேண்டியிருந்தது. அகப்பட்டால் என்ன தண்டனை என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

எதற்காக இதைச் செய்தார்கள்? அப்போது 1939-ஆம் வருஷத்துக் குளிர்காலம். ஹிட்லர் தோற்பான் என்று சொன்னால் சிரிப்பார்கள். மாளிகையில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த மனிதர்கள் சில்லுகளைப் பொட்டலம் கட்டிப் பத்திரப்படுத்துகிறார்கள். என்றைக்கோ ஒரு நாள் இது திரும்பக் கட்டப்படும் என்ற நம்பிக்கையைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

1944 ஆகஸ்டு 1-ஆம் தேதி வார்ஸா ஜனங்கள் ஆயுதம் எடுத்தார்கள். 63 நாள் போராடித் தோற்றார்கள். அதற்குத் தண்டனையாக நகரத்தையே தரைமட்டமாக்கும் வேலை நடந்தது. ஐந்து வருஷமாகக் காத்திருந்த துளைகளில் வெடிமருந்து ஏறியது.

யுத்தம் முடிந்ததும் மாளிகை நின்ற இடத்தில் சில அடித்தள அறைகளும் சுவரின் இரண்டொரு துண்டங்களும் மிச்சம் இருந்தன. அப்படி நின்ற ஒரு சுவர்த் துண்டத்தில் ஒரே ஒரு ஜன்னல் இருந்தது. அது ஷெரோம்ஸ்கியின் ஜாகை ஜன்னல். நாவலாசிரியர்களின் பெருமைக்காக நான் இட்டுக் கட்டியதல்ல, உண்மை.

பழைய நகரத்தின் வீடுகளைச் சீக்கிரமே கட்டத் தொடங்கினார்கள். பெல்லோத்தோவின் படங்களுக்கு அப்போதுதான் வேலை வந்தது. யுத்தத்துக்கு முன்பு கட்டடக் கலை மாணவர்கள் அளந்து வரைந்த படங்களும் கை கொடுத்தன. ஆனாலும் எந்த மாடம் எத்தனை உயரம், எந்த வாசலில் என்ன சிற்பம் என்று பார்ப்பதற்கு 170, 180 வருஷத்துக்கு முன் வாழ்ந்த வெனிஸ்காரரிடமும் போனார்கள். அவர் சில இடங்களில் கொஞ்சம் அழகைக் கூட்டியே எழுதியிருக்கிறார். கட்டினவர்களும் அந்த அழகையே கட்டிவிட்டார்கள். ஆக, முன்பு இருந்ததைவிட நிஜமான சில வீடுகள் வார்ஸாவில் உண்டு. கதை எழுதுகிறவனுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல.

மாளிகை மட்டும் எழவில்லை. திரும்பக் கட்டுவது என்று 1949-இல் சபை தீர்மானம் செய்தது. வருஷங்கள் போயின. அப்போதைய கம்யூனிஸ்டு ஆட்சியாளர்களுக்கு ராஜமாளிகையின் மீது மோகம் இல்லாதது ஆச்சரியமும் இல்லை. குடியிருக்க வீடில்லாத ஊரில் ராஜாவுக்கு வீடு எதற்கு என்று அவர்கள் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. கால் நூற்றாண்டு அந்த இடம் வெறும் மேடாகக் கிடந்தது.

1970 டிசம்பரில் பால்டிக் கடற்கரை நகரங்களில் விலைவாசி உயர்வை எதிர்த்த தொழிலாளர்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அரசைத் தாங்கிய கோமுல்கா வீழ்ந்தார்; கியெரெக் வந்தார். வந்தவருக்கு ஜனங்களின் மனத்தைச் சமாதானப்படுத்த ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. 1971 ஜனவரியில், மாளிகையைக் கட்டலாம் என்று உத்தரவாயிற்று. ஆனால் அரசாங்கக் கஜானாவிலிருந்து அல்ல. ஜனங்கள் மனமுவந்து கொடுப்பதைக் கொண்டு.

ஆட்சியாளர் அரசியலுக்காகச் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஜனங்கள் எதற்காகக் கொடுத்தார்கள்? உண்டியலில் காசு விழுந்தது. வெளிநாடுகளில் குடியேறிய போலிஷ்காரர்கள் பணம் அனுப்பினார்கள். நகை கொடுத்தவர்கள் உண்டு. கொடுக்க ஒன்றும் இல்லாதவர்கள் லீவு நாளில் வந்து இடிபாட்டை வாரினார்கள். சேதுவுக்கு மண் சுமந்த அணிலின் கதையை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். தெரிந்திருந்தால் அதற்கும் அந்தச் சதுக்கத்தில் ஒரு சிலை வைத்திருப்பார்கள். பழைய காலத்தில் ராஜா வரி போட்டு அரண்மனை கட்டினான். வரி கொடுத்த குடியானவன் அதன் வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டான். இங்கே ராஜாவும் இல்லை, வரியும் இல்லை.

எந்தக் காலத்து மாளிகையைக் கட்டுவது என்று ஒரு பிரச்னை வந்தது. அரண்மனை என்றால் ஒரே நாளில் முளைப்பதா? ஒவ்வொரு ராஜாவும் ஒன்றைச் சேர்த்தான், ஒன்றை மாற்றினான். முடிவில், சதுக்கத்தைப் பார்த்த முகப்பு ஸிகிஸ்மண்ட் காலத்தது, ஆற்றைப் பார்த்த முகப்பு 18-ஆம் நூற்றாண்டின் ஸாக்ஸனி ராஜாக்கள் காலத்தது, உள்ளறைகள் ஸ்தானிஸ்லாவ் அகஸ்ட் காலத்தது என்று கட்டினார்கள். பொட்டலங்கள் திறக்கப்பட்டன. 1939-இல் பெயர்த்து எடுத்த ஒவ்வொரு துண்டமும் அதனதன் பழைய இடத்தில் புதுச் சுவரில் பதிக்கப்பட்டது. 1974 ஜூலை 19-ஆம் தேதி கோபுரக் கடிகாரத்தை மறுபடி ஓட விட்டார்கள். காலை 11 மணி 15 நிமிஷத்துக்கு. 1984 ஆகஸ்டு 31-ஆம் தேதி ஜனங்களுக்குக் கதவு திறந்தது. 1939-இல் நாற்பது வயதுக்காரராகச் சில்லுகளைக் காப்பாற்றிய லோரென்ட்ஸ், 85 வயதுக் கிழவராக அதைப் பார்க்க இருந்தார்.

உள்ளே போனோம். கண்ணைப் பறிக்கும் தங்கப் பூச்சுதான் எங்கும். நடன மண்டபத்து விதானத்தில் பாச்சியரெல்லியின் சித்திரத்தைப் பழைய புகைப்படங்களைக் கொண்டு புதிதாக எழுதியிருக்கிறார்கள். சிம்மாசன அறையில் சிவப்புத் திரையில் 86 வெள்ளிக் கழுகுகள். கொள்ளை போனவற்றில் ஒரே ஒரு கழுகு அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தது. அதை மாதிரியாக வைத்து மற்றவற்றைச் செய்தார்களாம். ராஜாவிடம் இருந்து பிற்பாடு கைமாறிப் போன இரண்டு ரெம்ப்ராண்ட் ஓவியங்களும் இப்போது இங்கே இருக்கின்றன. 1994-இல் காரொலினா லான்ஸ்கொரோன்ஸ்கா என்ற சீமாட்டி, தம் குடும்பத்தின் வசம் இருந்ததைத் தேசத்துக்கே கொடுத்துவிட்டார்.

அப்புறம் பெல்லோத்தோவின் அறை. 22 படங்கள். ஒரு படத்துக்கு எதிரே நண்பர் வெகு நேரம் நின்றார். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "சரியாகத்தான் இருக்கிறது" என்றார், இஞ்சினீயர் பாணியில்.

"உங்கள் பாட்டிக் கேள்விக்கு இப்போது பதில் சொல்லட்டுமா?" என்றேன். "உங்கள் வீட்டில் இன்றைக்குத் தயிர் எப்படி வந்தது? பால் முழுவதும் இன்றையப் பால்தான். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி உறை ஊற்றினார்கள். நேற்றையது அதற்கு முந்தின நாளின் உறையால் வந்தது. அந்தப் பாத்திரத்தில் பழையது எவ்வளவு என்று அளந்து பார்த்தால் ஒரு கரண்டிகூடத் தேறாது. ஆனால் அந்தக் கரண்டி இல்லாவிட்டால் தயிர் இல்லை. இந்தச் சுவரில் பதித்த துண்டங்கள் உறை. பால் ஜனங்கள் கொடுத்தது."

நண்பர் யோசித்தார். "அப்படியானால் உறையை எடுத்து வைக்க வீட்டில் ஆள் இருக்க வேண்டும்" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலம் அந்த வார்த்தையின் கனம் தெரிந்தது. மாளிகையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் உயரமான கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் வார்ஸா யூதர்களின் பெரிய ஜபாலயம் இருந்தது. 1878-இல் திறந்தது. யுத்தத்துக்கு முன் இந்த நகரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் யூதர். அவர்களைச் சுவர் எழுப்பி ஒரு மூலையில் அடைத்து, பட்டினி போட்டு, ரயிலேற்றிக் கொன்றார்கள். மிஞ்சியவர்கள் 1943 ஏப்ரலில் எதிர்த்து நின்றார்கள். அதை அடக்கியதைக் கொண்டாட, மே 16-ஆம் தேதி ஜபாலயத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே எதிரி, அதே வெடிமருந்து, அதே நோக்கம். ஆனால் அந்த ஜபாலயம் திரும்ப எழவில்லை. அதற்கு உண்டியலில் காசு போட வேண்டியவர்கள் சாம்பலாகிவிட்டார்கள்.

அவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. இமானுவேல் ரிங்கெல்ப்ளூம் என்ற சரித்திர ஆசிரியரும் அவருடைய தோழர்களும், தங்கள் ஜனத்துக்கு நேர்ந்ததை எல்லாம் எழுதிச் சேர்த்து, தகரப் பெட்டிகளிலும் பால் பாத்திரங்களிலும் வைத்து மண்ணுக்குள் புதைத்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு 1946-இலும் 1950-இலும் தோண்டியபோது அதில் பெரும் பகுதி கிடைத்தது. ரிங்கெல்ப்ளூம் 1944-லேயே கொல்லப்பட்டுவிட்டார். ஜபாலயம் இருந்த இடத்துக்கு அடுத்த கட்டடத்தில் அந்தக் காகிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. கட்டடம் வரவில்லை, காகிதம் வந்தது.

இதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மாளிகையின் விலை புரிகிறது. அது ஓர் அலங்காரப் பொம்மை என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. செங்கல் புதிது, தங்கப் பூச்சு புதிது, விதானம் புதிது. ஆனால் ஒரு சர்வாதிகாரி இதை இனி யாரும் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டான். பெயர் தெரியாத சிலர் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். இவ்வளவும் நடந்தது நிஜம். அதற்குச் சாட்சியாக நிற்கிற சுவர் எப்படிப் பொய்யாகும்?

மாளிகையில் பளிங்கு அறை என்று ஒன்று உண்டு. போலந்தை ஆண்ட 22 ராஜாக்களின் உருவங்களைப் பாச்சியரெல்லி எழுதி அங்கே வைத்திருக்கிறார். கடைசியாக இருப்பவர் நம் ஸ்தானிஸ்லாவ் அகஸ்ட். நாட்டைக் காப்பாற்றத் தெரியாதவர். ஆனால் ஓர் ஓவியரை ஊரில் தங்க வைத்தவர். அந்த ராஜாவின் எலும்புகளும் 1995-இல் மாளிகைக்குப் பக்கத்திலேயே உள்ள பெரிய கோயிலுக்கு வந்து சேர்ந்துவிட்டன. குளிரில், காவல்காரன் மறுபக்கம் திரும்பிய நேரத்தில், கோட்டுக்குள் ஒரு சுண்ணாம்புச் சில்லை மறைத்துக்கொண்டு வெளியேறிய கொத்தனாரின் உருவம் அந்த அறையில் இல்லை. அவரை நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மற்ற எல்லாச் சுவரிலும் அவர்தானே இருக்கிறார்!